அந்த ஒரு வரி யாருடையது

கல்வியாண்டு தொடங்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மின்னஞ்சல் வரும். எழுத்துப் பாடத்துக்கு நான் கொடுக்கிற விதித்தாளைத் துறையின் பொது வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும், அதில் எட்டாம் விதியையும் தாளின் கடைசி வரியையும் நீக்க வேண்டும் என்று இருக்கும். நான் நீக்குவதில்லை. மரியாதையாக ஒரு பதில் எழுதிவிட்டுப் பழைய தாளையே ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விடுவேன். ஹைதராபாத் கச்சிபௌலியில் கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கிற எங்கள் கல்லூரியில் இது ஒரு வேடிக்கையாகவே ஆகிவிட்டது. பாட ஒருங்கிணைப்பாளர் என்னை லிஃப்டில் பார்த்தால் எட்டு விரல்களை விரித்துக் காட்டுகிறார். நானும் சிரித்து வைக்கிறேன். ஆனால் அந்த எட்டை எடுக்கமாட்டேன். ஏன் என்று அவருக்குச் சொன்னதில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

நான் வளர்ந்தது லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். தாத்தா காலத்திலேயே வட ஆர்க்காட்டிலிருந்து வேலைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். வீட்டில் பேசுகிற தமிழில் பாதி வேலூர்ப் பக்கம், மீதியில் தெலுங்கும் ஹைதராபாத் இந்தியும் இஷ்டத்துக்குக் கலந்திருக்கும். எதிர்வீட்டு மாமா கூட்ஸ் வண்டியில் கார்டு, திருச்சிக்காரர். உறவு எதுவும் கிடையாது, கூப்பிட்டுப் பழகிய மாமா. அவர் மகளும் நானும் ஒரே வயதுப் பெண்கள். ஒரே பள்ளி, பிறகு செகந்திராபாத்தில் ஒரே டிகிரி காலேஜ். நான் பி.ஏ., அவள் பி.காம்.

எங்கள் குவார்ட்டர்ஸ் லைனில் ஒரு வழக்கம் இருந்தது. ஆபீசருக்குப் போகிற எந்தக் காகிதத்தையும் யாரும் தனியாக எழுதி அனுப்பமாட்டார்கள். லீவு விண்ணப்பமோ, குவார்ட்டர்ஸ் ஒழுகுகிறது என்கிற புகாரோ, எதுவானாலும் முதலில் நாலு பேர் முன்னால் சத்தம் போட்டுப் படிக்க வேண்டும். சாயங்காலம் ஒர்க்‌ஷாப் விட்டு வந்த பிறகு, இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள நடையில் நாற்காலி போட்டு உட்காருவார்கள். மாமா ஆங்கிலத்தில் ஒரு வரி படிப்பார், அதைத் தமிழில் சொல்வார், எல்லோரும் யோசிப்பார்கள், பிறகு அடுத்த வரி. யாரோ ஒருவர் எவரிடமும் காட்டாமல் எழுதிக் கொடுத்த மனுவில் ஒரு வார்த்தை சூடாக விழுந்து, கேட்டது கிடைக்காததோடு மெமோவும் வந்து சேர்ந்ததாம். அதிலிருந்து இப்படி.

அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. ஆனால் அந்த நடையில் அதிகம் திருத்தியது அவள்தான். நாற்காலியில்கூட உட்காரமாட்டாள். அடுப்படியிலிருந்து குரல் மட்டும் வரும். "அந்த ரெண்டாவது வரி இன்னாத்துக்கு? ஆபீசருக்கு அது தெரியாதா?" மாமா மறுபேச்சு இல்லாமல் அதைப் பேனாவால் அடித்துவிடுவார்.

காலேஜில் முதல் வாரமே எழுத்துப் பாடத்துக்கு விதித்தாள் கொடுத்தார்கள். ரோஸ் நிறக் காகிதத்தில் பதினான்கு விதிகள். வகுப்பு தொடங்கி ஐந்து நிமிடத்தில் கதவு சாத்தப்படும். போன் வெளியே தெரியக் கூடாது. வகுப்பில் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக் கூடாது. ஒரு நாள் தாமதமானாலும் கட்டுரைக்கு மதிப்பெண் இல்லை. இப்படிப் போய், பத்தாவது விதி சற்றுத் தடித்த எழுத்தில் இருந்தது. எழுதுகிற ஒவ்வொரு வரியும் மாணவரின் சொந்த வரியாக இருக்க வேண்டும், யாருடைய உதவியும் பெறக் கூடாது, மீறினால் மால்பிராக்டீஸ். எங்கள் காலேஜில் பரீட்சை ஹாலில் பிட் வைத்து மாட்டிக்கொண்டவர்களுக்குச் சொல்கிற சொல் அது. தாளின் அடியில் மாணவர் கையெழுத்து, பெற்றோர் கையெழுத்து என்று இரண்டு கோடுகள்.

பெற்றோர் கையெழுத்து கேட்கிற காகிதம் ஆபீஸ் காகிதம்தானே. அன்று சாயங்காலம் அதையும் நடையில் வைத்துப் படித்தார்கள். மாமாவுக்கு விதி என்றால் ஒரே குஷி. ரயில்வே விதிப்புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறவர். ஒவ்வொன்றையும் படித்துவிட்டு, "கரெக்டுதான், எல்லாம் சேஃப்டிக்குத்தான்" என்றார். கதவு சாத்துவதில் என்ன சேஃப்டி என்று யாரும் கேட்கவில்லை. பத்தாவது வந்ததும் குரலை உயர்த்தினார்.

"யாருகிட்டயும் ஹெல்ப் வாங்காம தானா எழுதணுங்கறாங்க. நியாயந்தானே?"

அப்பா தலையாட்டினார். "ஆமா, பரீட்சைக்கு நாமளா போயி ஒக்காந்துக்க முடியும்?" என்று அடுப்படியிலிருந்து அம்மாவும் ஒத்துக்கொண்டாள். ஐந்து பேர் கூடி, ஒரு விதியை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்து, அலசி ஆராய்ந்து, இனிமேல் யாருடைய உதவியும் இல்லாமல்தான் எழுத வேண்டும் என்று ஏகமனதாக முடிவு செய்தோம். அதில் இருந்த வேடிக்கை எங்கள் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அப்பா தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

முதல் கட்டுரைக்குத் தலைப்பு, நன்றாகத் தெரிந்த ஓர் இடம். நானும் எதிர்வீட்டுப் பெண்ணும் ஒரே மேடமிடம்தான் வேறு வேறு வகுப்பில் படித்தோம், ஆகவே இரண்டு பேருக்கும் அதே தலைப்பு. எங்களுக்கு நன்றாகத் தெரிந்த இடம் வேறு என்ன இருக்கிறது? நான் குவார்ட்டர்ஸின் காலை நேரத்தை எழுதினேன். அவள் தன் வீட்டையும் வாசலையும் எழுதினாள். ஒரே மேஜையில் உட்கார்ந்தாலும் அவள் தாளை நான் பார்க்கவில்லை, என் தாளை அவள் பார்க்கவில்லை. விதிப்படி நடக்கிறோம் என்று இருவருக்கும் பெருமை வேறு. எழுதி முடித்ததும் இரண்டையும் நடையில் வைத்துப் படித்துக் காட்டினோம். அது உதவி வாங்குவது என்று சத்தியமாகத் தோன்றவில்லை. காலேஜுக்குப் போகிற காகிதத்தைப் படிக்காமல் எப்படி அனுப்புவது? படித்தோம், பேசினார்கள், சிரித்தார்கள், நாங்கள் அங்கங்கே குனிந்து திருத்திக்கொண்டோம். மறுநாள் கொடுத்துவிட்டோம்.

பத்து நாள் கழித்து மேடம் எங்கள் இருவரையும் ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டார். மேஜையில் இரண்டு கட்டுரைகளும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இரண்டிலும் ஒரே ஒரு வரியின் கீழ் சிவப்பு மையால் கோடு. தமிழில் சொன்னால், 'ஒர்க்‌ஷாப் சங்கு ஊதும்போது அப்பாவின் வேலை தொடங்குகிறது. அதற்குள் அம்மாவின் வேலையில் பாதி முடிந்துவிடுகிறது.' ஆங்கிலத்தில் அது வார்த்தைக்கு வார்த்தை, கமா முதற்கொண்டு, இரண்டிலும் ஒன்றாக இருந்தது.

"யார் யாரைப் பார்த்து எழுதினது?" என்று கேட்டார் மேடம். அவர் கெட்டவர் அல்ல. நூற்றிருபது கட்டுரைகள் திருத்தி ஓய்ந்துபோன முகம் அது.

எதிர்வீட்டுப் பெண் அழ ஆரம்பித்தாள். நான் இல்லை என்றேன். பிறகு துறைத் தலைவர் அறை. அவர் மேஜை இழுப்பறையில் மன்னிப்புக் கடிதங்கள் டைப் செய்து தயாராகவே இருந்தன. பெயரும் ரோல் நம்பரும் எழுதும் இடம் மட்டும் காலி. சக மாணவரின் கட்டுரையிலிருந்து நகல் எடுத்தேன், இனி செய்யமாட்டேன் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் ஐந்து மதிப்பெண் குறையும், விஷயம் அதோடு முடியும். போடாவிட்டால் அந்தப் பாடத்தின் இன்டர்னல் மதிப்பெண் மொத்தமும் பூஜ்யம். அப்படியென்றால் ஃபெயில். அடுத்த வருஷம் ஜூனியர்களோடு உட்கார்ந்து அதே பாடத்தை மறுபடி படிக்க வேண்டும்.

அவள் கையெழுத்துப் போட்டாள். பேனாவை என் பக்கம் நீட்டினாள். நான் வாங்கவில்லை.

"நான் யாரையும் பாத்து எழுதல சார்."

"அப்படின்னா இந்த வரி யாருடையது?"

"என்னுது."

"அவளும் முதல்ல அப்படித்தான் சொன்னா."

"என்னுது சார்," என்றேன் மறுபடியும். அவர் மூன்றாவது முறை கேட்டார், மூன்றாவது முறையும் அதையே சொன்னேன். எனக்கு அதில் துளிச் சந்தேகமும் இல்லை. என் கையால் எழுதியது, என் தாளில் இருந்தது, பிறகு யாருடையதாம்? மூன்று நாள் அவகாசம் கொடுத்து, வரும்போது பெற்றோரைக் கூட்டிக்கொண்டு வா என்றார்.

வீட்டில் அப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "போட்டுட்டு வந்துடு," என்றார். "அஞ்சு மார்க்குதானே. ஒரு வருஷத்த போயி தொலைப்பாங்களா?"

"திருடலன்னா திருடினேன்னு எதுக்கு எழுதிக் குடுக்கணும்?"

"அந்தப் பொண்ணு குடுத்துச்சில்ல?"

அதுதான் எனக்கு மிகவும் எரிந்தது. அவள் கையெழுத்துப் போட்டதால் நான் பொய் சொல்கிறவள் ஆகிவிட்டேன். மாமா இரண்டு நாளாக நடைக்கு வரவில்லை. அவர் மகள் காலேஜ் பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைப்பதை நிறுத்திவிட்டாள். தினமும் திறந்தே கிடக்கிற அவர்கள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. நான் யாரோடும் பேசாமல் சோற்றைப் பிசைந்துகொண்டு, துறைத் தலைவருக்கு என்னென்ன பதில் கொடுத்திருக்கலாம் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாப் பதிலும் 'என்னுது' என்றுதான் தொடங்கியது.

மூன்றாம் நாள் காலேஜ் லீவு. அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தேன்.

"அவ்ளோ பெரிய வரியா அது? அப்டி இன்னாதான் எழுதுன, சொல்லு பாப்போம்," என்றாள்.

தமிழில் சொன்னேன். சங்கு ஊதும்போது அப்பாவுக்கு வேலை ஆரம்பம், அதற்குள் அம்மாவுக்குப் பாதி வேலை முடிந்திருக்கும்.

அம்மாவின் கை நிற்கவில்லை. "அது நான் சொன்னதாச்சே," என்றாள்.

"இன்னா?"

"நீ அன்னிக்கிப் படிச்சில்ல. காலையில சங்கு ஊதுது, எல்லாரும் வேலைக்குப் போறாங்கன்னு. எல்லாருன்னா யாருடின்னு கேட்டேன். அவருக்கு சங்கு ஊதுனாதான் வேல, எனக்கு அதுக்குள்ள பாதி வேல முடிஞ்சிருக்கும்னு சொன்னேன். உங்கப்பா ஒண்ணும் பேசல. மாமாதான் சிரிச்சிட்டு அத இங்கிலீஷ்ல சொன்னாரு. நீங்க ரெண்டு பேரும் குனிஞ்சு குனிஞ்சு எழுதுனீங்க."

எல்லாம் ஞாபகம் வந்தது. அடுப்படியிலிருந்து வந்த குரல், அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டது, மாமாவின் சிரிப்பு. மூன்று நாளாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மூன்று முறை ஒரு அறையில் நின்று, என்னுது என்னுது என்று அடித்துப் பேசியது இவளுடைய வரியை. தினமும் நாலரை மணிக்கு எழுந்து இவள் சம்பாதித்த அலுப்பு அது. எனக்கு வெட்கமாக இருந்தது. முகம் காந்தியது. எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

அம்மா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. காயைத் தட்டில் தள்ளியபடி கேட்டாள்.

"அதுக்குக் கீழ மேடம் கோடு போட்டிருக்காங்கன்னியே. நல்லா இருக்குன்னுதானே போட்டாங்க?"

நான் நறுக்கிப் போட்ட காம்புகளைக் கூட்டி அள்ளினேன்.

அன்று ராத்திரியெல்லாம் என் கோபம் குறையவில்லை, திசைதான் மாறியது. அந்தப் பத்தாவது விதிக்குத் தெரிந்தது இரண்டே இரண்டு. ஒன்று, வரி உன்னுடையது. இல்லை, நீ திருடி. ஒரு வீட்டில் நாலு பேர் பேசி ஒரு வரி பிறக்கும் என்பது அதை எழுதியவருக்குத் தெரியாது. சரி, அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியுமே. எனக்குத் தெரிந்தும் 'என் அம்மா சொல்வாள்' என்று இரண்டு வார்த்தை சேர்க்க என் கை போகவில்லையே. அது ஏன் என்று யோசித்தபோது வந்த பதில் எனக்குப் பிடிக்கவில்லை. அடுப்படியிலிருந்து வருவது கட்டுரையில் வைக்கிற பேச்சு என்று நான் நினைக்கவே இல்லை.

மறுநாள் காலேஜுக்கு வர அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. "நான் வர்றேன்," என்றாள் அம்மா. நான் வேண்டாம் என்றேன். அவள் காதில் போட்டுக்கொள்ளாமல் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

துறைத் தலைவர் அறையில் மேடமும் இருந்தார். அம்மா தெலுங்கு, இந்தி இரண்டையும் ஒரே குக்கரில் வைக்கிறவள். எந்தச் சொல் முதலில் வெந்ததோ அதை எடுத்துப் பரிமாறுவாள். துறைத் தலைவர் கேஸை விளக்கினார். அம்மா முழுக்கக் கேட்டாள். அவர் டைப் செய்த கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்து, உங்கள் மகளைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள் என்றார்.

"படிங்க சார்," என்றாள் அம்மா.

"உங்க பொண்ணு படிச்சாச்சு."

"எனக்குப் படிங்க. எங்க லைன்ல படிக்காம ஒரு காகிதமும் போவாது."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் மேடம்தான் கடிதத்தை எடுத்தார். ஆங்கிலத்தில் ஒரு வரி படித்து, தெலுங்கில் அதைச் சொன்னார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் நடை அப்படியே பெயர்ந்து அந்த ஏசி அறைக்குள் வந்துவிட்டது போல இருந்தது, நாற்காலியில் மட்டும் ஆட்கள் மாறியிருந்தார்கள்.

பெயர், வகுப்பு, ரோல் நம்பர். "சரி," என்றாள் அம்மா.

நான் சக மாணவரின் கட்டுரையிலிருந்து நகல் எடுத்தேன்.

"நக்கோ," என்றாள். வேண்டாம் என்பதற்கு ஹைதராபாத் இந்தி. "அது பொய். அந்தப் பொண்ணுகிட்டேர்ந்து எடுக்கல. எங்கிட்டேர்ந்து எடுத்தா. அந்தப் பொண்ணும் எங்கிட்டேர்ந்துதான். அந்தப் பேச்சு என்னுது."

துறைத் தலைவர் மேடமைப் பார்த்தார். மேடம் அம்மாவைப் பார்த்தார். அம்மா அந்த வரியைத் தெலுங்கில் சொல்லிக் காட்டினாள். சங்கு, அவர் வேலை, தன் வேலையில் பாதி. இதற்கு முன் ஆயிரம் தடவை சொன்னவள் சொல்கிற மாதிரி, அலுப்போடு சொன்னாள். மேடம் தலையைக் குனிந்துகொண்டார். அவரும் விடிகாலையில் டிபன் பாக்ஸ் கட்டிவிட்டு வருகிறவராக இருக்கலாம். எனக்குத் தெரியாது.

"கேக்காம எடுத்தா. சொல்லவும் இல்ல. அது தப்பு. அத எழுதச் சொல்லுங்க," என்றாள் அம்மா. "அடுத்தது படிங்க."

நான் செய்ததற்கு வருந்துகிறேன்.

"அது இருக்கட்டும். வருத்தப்படட்டும்."

இனிமேல் எந்தக் கட்டுரைக்கும் யாருடைய உதவியும் பெறமாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.

"நக்கோ சார். அத அடிங்க. நாளைக்கு எங்கிட்ட வந்து கேப்பா. நான் சொல்லுவேன். பொய் எழுதிக் குடுக்கக் கூடாது."

துறைத் தலைவருக்குப் பொறுமை போய்விட்டது. இது பொது வடிவம், ஒவ்வொருத்தருக்கும் மாற்ற முடியாது, போடுவதென்றால் இருக்கிறபடி போடுங்கள், இல்லையென்றால் பூஜ்யம் என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். அதுவரை அவள்தான் பேசினாள், இதற்கு மட்டும் என்னிடம் விட்டுவிட்டாள்.

நான் மேஜையில் கிடந்த வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்தேன். நின்றபடியே எழுதினேன். 'என் கட்டுரையில் கோடிட்ட வரி என் அம்மா சொன்னது. அவரைக் கேட்காமல் எடுத்தேன். அவர் சொன்னது என்று குறிப்பிடவில்லை. அதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.' எழுதியதைத் தமிழில் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒரு வார்த்தையும் மாற்றச் சொல்லவில்லை. கீழே கையெழுத்துப் போட்டு அவர் மேஜைமேல் வைத்தேன். இதை நான் ஏற்க முடியாது என்று அவர் அதைத் திருப்பித் தள்ளினார். நான் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

பூஜ்யம் விழுந்தது. அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. காலேஜிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலமே மாமா மட்டும் நடைக்கு வந்து, ஒன்றும் நடக்காதது போல நாற்காலியை இழுத்துப் போட்டு, "எங்க, அந்த லெட்டரப் படி," என்றார். படித்தேன். அவர் மகள் கதவோரம் நின்று கேட்டாள். பிறகு ஒருநாள் அவளே சொன்னாள், அந்த வரி என் அம்மா சொன்னது என்று அவளுக்கு அன்றைக்கே ஞாபகம் வந்ததாம். அதைச் சொன்னால் இன்னும் பெரிய சிக்கலாகும் என்று பயந்து கையெழுத்துப் போட்டுவிட்டாளாம். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவளுக்காவது ஞாபகம் வந்தது. எனக்கு அதுகூட வரவில்லை.

அடுத்த வருஷம் ஜூனியர்களோடு உட்கார்ந்தேன். "அக்கா, நீங்க ஃபெயிலா?" என்று கேட்டார்கள், ஆமாம் என்றேன். அதே மேடம், அதே ரோஸ் தாள், அதே தலைப்பு. நன்றாகத் தெரிந்த ஓர் இடம். இந்த முறை என் கட்டுரையின் முதல் வரியே 'என் அம்மா சொல்வாள்' என்று தொடங்கியது. அதை ஆங்கிலமாக்கிக் கொடுத்த எதிர்வீட்டு மாமாவையும் அடுத்த வரியில் சேர்த்தேன். பத்தாவது விதியை ஒரே கட்டுரையில் இரண்டு முறை மீறியாயிற்று, வருவது வரட்டும் என்று கொடுத்தேன். திரும்பி வந்தபோது மதிப்பெண் இருந்தது. மால்பிராக்டீஸ் பேச்சே இல்லை. அந்த வரியின் கீழ் கோடு இருந்தது, பக்கத்தில் மார்ஜினில் 'நல்ல வரி' என்று எழுதியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள், "கோடு போட்டாங்களா?"

"போட்டாங்க. நல்லா இருக்குன்னுதான் போட்டாங்க."

"அதான் நான் அப்பவே சொன்னேனே," என்று உள்ளே போய்விட்டாள்.

இப்போது நானே விதித்தாள் எழுதுகிறவள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், தாளை அச்சுக்குக் கொடுக்கும் முன் அம்மாவுக்குப் போன் செய்து தமிழில் படித்துக் காட்டினேன். ஆபீஸுக்குப் போகிற காகிதம் அல்லவா. மூன்றாம் விதியாக நானும் ஐந்து நிமிடத்தில் கதவு சாத்துவதைத்தான் வைத்திருந்தேன். "நக்கோ," என்றாள் அம்மா. "லேட்டா வந்தா வந்து உள்ள ஒக்காரட்டும். வெளிய நின்னுக்கினு இன்னாத்த கத்துக்கும்?" அடித்தேன். எட்டாவது விதி முழுக்க அவள் சொன்னது. 'யாரிடம் வேண்டுமானாலும் கேள். யார் சொன்னது என்று எழுது.' ஆகவே என் மாணவர்களின் கட்டுரைகளில் கடைசியில் ஒரு பட்டியல் இருக்கும். ஹாஸ்டல் ரூம்மேட், போவன்பள்ளி மார்க்கெட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கிற பெரியப்பா, ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்து யாரையோ போனில் திட்டிக்கொண்டு வந்த அம்மாள். எழுதவேண்டியதைக் கம்ப்யூட்டரே எழுதிக் கொடுக்கிற காலம் வந்ததும், "மேடம், ஏ.ஐ.கிட்ட கேட்டா அதோட பேரையும் போடலாமா?" என்று ஒரு பையன் கேட்டான். எடுத்த வரிக்காக அதனிடம் போய் முகத்தைப் பார்த்து உன்னால் மன்னிப்புக் கேட்க முடியுமா என்றேன். சிரித்தான். அந்த வாரம் அவன் பட்டியலில் அவன் அக்கா இருந்தாள்.

தாளின் கடைசி வரி இது: 'இந்த விதிகளைக் கேட்டுத் திருத்தியவர் என் அம்மா.' அதன்பின் அவளுடைய முழுப் பெயர் இருக்கும்.

இந்த வருஷம் ஒருங்கிணைப்பாளர் மின்னஞ்சலோடு விடவில்லை, என் அறைக்கே வந்துவிட்டார். எட்டாம் விதி இருந்துவிட்டுப் போகட்டும், அந்தக் கடைசி வரியை மட்டுமாவது எடுத்துவிடுங்கள் என்றார். கல்லூரி விதித்தாளில் உங்கள் அம்மாவுக்கு என்ன வேலை என்று கேட்டார். கேள்வி நியாயமாகத்தான் கேட்டார், சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

"அது அவங்க விஷயம். அவங்களைக் கேட்டுட்டுச் சொல்றேன்," என்றேன்.

அவர் எதிரிலேயே போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். பின்னால் குக்கர் சத்தம் கேட்டது. அம்மா யோசிக்கவே இல்லை, ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு, அடுப்பில் வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டாள். அன்று மத்தியானம் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதினேன். நக்கோ என்று மட்டும் எழுதி, அது யார் சொன்னது என்பதையும் குறிப்பிட்டேன்.